ஊர் சொன்னதும் அவன் மறுத்ததும்

‘ரோசாப்பூ ரவிக்கைக்காரி’ 1979 மே மாதம் வெளிவந்தது. சிவகுமாருக்கு அது நூறாவது படம். இயக்கம் தேவராஜ்–மோகன், இசை இளையராஜா. மூன்று ஆண்டுகளுக்கு முன் ‘அன்னக்கிளி’யில் சேர்ந்திருந்த அதே ஆட்கள்தான். படத்தை முழுக்கப் பார்த்தவர்களை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். அதிலுள்ள ‘உச்சி வகுந்தெடுத்து’ பாட்டைக் கேட்காதவரைத் தேடினால் கிடைப்பது அதைவிடக் கஷ்டம். அவிநாசிப் பக்கம் எங்கள் சேவூர் வட்டாரத்தில் கோவில் நோம்பி சாட்டி ஆர்க்கெஸ்ட்ரா வைத்தால், நடுச்சாமம் தாண்டியதும் யாராவது ஒருவர் சீட்டெழுதி மேடைக்கு அனுப்புகிற பாட்டு இது. அதுவரை விசிலடித்துக்கொண்டிருந்த கூட்டம் இந்தப் பாட்டுக்கு அடங்கிவிடும்.

‘அசல் கிராமத்துப் பாட்டு’ என்று இதைப் புகழ்வார்கள். ‘தமிழில் இப்படியொரு காதல் பாட்டு இல்லை’ என்பார்கள். ‘எஸ்.பி.பி. குரலுக்கே கண்ணீர் வந்துவிடும்’ என்பார்கள். கடைசியாகச் சொன்னதில் வழக்கில்லை. முதலிரண்டையும் அப்படியே வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்த பிறகும் பாட்டின் மதிப்பு இறங்காது என்பதே என் எண்ணம். ஆனால் அந்த மதிப்புக்கான காரணம் வேறாக இருக்கும்.

கிராமத்துப் பாட்டா இது? எழுதியவர் புலமைப்பித்தன். 1935-இல் கோவை மாவட்டம் பள்ளபாளையத்தில் பிறந்த ராமசாமி. பஞ்சாலையில் வேலை பார்த்தவர், முறையாகத் தமிழ் படித்தவர், சென்னைக்குப் போய்த் தமிழாசிரியராக இருந்தவர். 1968-இல் ‘குடியிருந்த கோயில்’ படத்துக்கு ‘நான் யார் நான் யார்’ எழுதிச் சினிமாவுக்குள் வந்தார். மறு வருடமே ‘ஆயிரம் நிலவே வா’. பிறகு அரசவைக் கவிஞர், சட்ட மேலவைத் துணைத் தலைவர். அதாவது யாப்பு தெரிந்த புலவர். நடித்த சிவகுமாரும் காசிகவுண்டன்புதூர்க்காரர், கோவை மாவட்டம். இந்த இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு ‘இது நம்மூர்ப் பாட்டுங்க’ என்று எங்கள் பக்கம் சொல்லிக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது. ஆனால் பாட்டைக் காது கொடுத்துக் கேட்டால் கொங்குப் பேச்சு அதில் கிடைக்காது. சேவூர்ச் சந்தையில் பேசுகிறவர் வாயில் வருகிற ‘ங்கொ’வும் ‘ஏனுங்க’வும் அதில் இல்லை. கோடம்பாக்கம் எழுபதுகளில் தயாரித்துக்கொண்ட பொதுக் கிராமத்துத் தமிழ் அது. எந்த மாவட்டத்துக்காரரும் தம்முடையது என்று நினைத்துக்கொள்ளலாம். எந்த ஊரிலும் அப்படியே பேசமாட்டார்கள்.

வாய்மொழிப் பாட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது சீராக இருக்காது. 1960களில் மானிடவியலாளர் பிரெண்டா பெக் காங்கேயத்துப் பக்கம் ஓலப்பாளையத்தில் பதிவுசெய்த அண்ணன்மார் கதை என்ற வாய்மொழிக் காவியத்தைப் பாருங்கள். பாடுகிறவர் கதையை நிறுத்துவார், விளக்குவார், சொன்னதையே திரும்பச் சொல்வார், கூட வருகிறவர் இடையில் புகுந்து கேள்வி கேட்பார். பல வாய்களில் உருண்டு வந்த பாட்டுக்கு ஒரு பக்கம் தேய்ந்தும் ஒரு பக்கம் துருத்திக்கொண்டும்தான் இருக்கும். புலமைப்பித்தனின் பாட்டு அப்படியில்லை. ஒவ்வொரு சரணமும் ஒரே அச்சில் வார்த்தது. நல்ல பண்டம் ஒன்றைக் காட்டுகிறார், அதற்கு ஒரு கேடு வந்ததாக ஊர் சொன்னதை வைக்கிறார், அதில் நியாயம் உண்டா என்று கேட்கிறார், நம்ப மறுக்கிறார். பட்டியில் கறந்து வைத்த பால், கருப்பட்டி, பொங்கல் கரும்பு என்று பண்டம் மட்டும் மாறிக்கொண்டே போகிறது. இவ்வளவு ஒழுங்கு தானாக அமைவதில்லை. நாட்டுப்புறச் சரக்கை எடுத்துப் படித்த கை கட்டிய கட்டடம் இது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. கட்டியவருக்குச் சேர வேண்டிய பெயரை ‘மண்ணின் மணம்’ என்று மண்ணுக்குக் கொடுத்துவிடுவதுதான் குறை.

அப்படியானால் நாட்டுப்புறத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்டது என்ன? தாலாட்டும் ஒப்பாரியும் தமிழில் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். இரண்டிலும் அன்புக்குரியவரைப் பொன்னென்றும் முத்தென்றும் பூவென்றும் அடுக்குவார்கள். தாலாட்டில் ‘யார் அடித்தார்’ என்று கேட்பதும், ஒப்பாரியில் ‘இது நியாயமா’ என்று கேட்பதும் ஒரே வாக்கிய அமைப்பு. இந்தப் பாட்டு தாலாட்டின் இழுப்பில் தொடங்குகிறது. போகப்போக ஒப்பாரியின் கேள்விக்குள் நுழைகிறது. ஒப்பாரியில் செத்தவர் முன்னால் கிடப்பார். இங்கே யாரும் சாகவில்லை. கல்யாணம் ஒன்று செத்துக்கொண்டிருக்கிறது, பாடுகிறவனுக்கு மட்டும் அது இன்னும் தெரியாது, அல்லது தெரிய வேண்டாம் என்று நினைக்கிறான். பெண்கள் வாயிலிருந்த வடிவத்தை ஒரு ஆண் வாயில் வைத்ததுதான் புலமைப்பித்தனின் முதல் கெட்டிக்காரத்தனம். தமிழ் சினிமாவில் ஏமாற்றப்பட்ட ஆண் பொதுவாகத் தத்துவம் பேசுவான், இல்லை சாபம் கொடுப்பான். இவன் பெண்ணைப் போல் நியாயம் கேட்கிறான்.

இனிப் பாட்டின் பின்னணி. பாட்டு பிறந்த கதை என்றால் மெட்டு எத்தனை நிமிடத்தில் போடப்பட்டது, யார் யாரிடம் என்ன சொன்னார் என்பதுதான் நம் மேடைகளில் ஓடுகிறது. அவற்றில் எனக்கு ருசி இல்லை. இந்தப் பாட்டுக்குக் கதையே பின்னணி. கன்னட எழுத்தாளர் ஸ்ரீகிருஷ்ண ஆலனஹள்ளி எழுதிய நாவல் ‘பரசங்கத கெண்டெதிம்ம’. இவருடைய இன்னொரு நாவலான ‘காடு’ கிரீஷ் கர்நாட் இயக்கத்தில் 1973-இல் படமானது. கெண்டெதிம்மன் கதையை மாருதி சிவராம் இயக்க, லோகேஷ் நடித்து 1978-இல் கன்னடத்தில் படம் வந்தது. அதைத்தான் அடுத்த வருடம் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். ஊர் ஊராகச் சாமான் விற்கிற அப்பாவி வியாபாரி, டவுன் பழக்கத்தோடு வந்து சேர்கிற மனைவி, அவள் கொண்டுவந்த ருசிகள் ஊருக்குள் பரவுவது, அதனால் ஊர் கலைவது, நடுவில் இன்னொருவன், கடைசியில் வியாபாரியின் சாவு. தமிழில் அவன் பெயர் செம்பட்டையன். மனைவி நந்தினியாகத் தீபா. காலம் வெள்ளைக்காரன் ஆட்சிக் காலம்.

துணியை நம்பிப் பிழைக்கிற எங்கள் பக்கத்தில் இந்தக் கதையை வாசிக்கும்போது தலைப்பில் இருக்கிற ரவிக்கைதான் முதலில் கண்ணில் படுகிறது. ரவிக்கை போடாத ஊருக்குள் ரவிக்கை நுழைகிறது. கூடவே சோப்பும் பவுடரும் மற்றவையும். அவளுக்காக வாங்கியதை அவன் பிறகு ஊருக்கே விற்கிறான். அவன் குடும்பம் கலைவதற்கான காரணத்தை அவனே மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு வந்தான் என்பது நாவலின் கசப்பான நகைச்சுவை. திருப்பூரில் பனியன் தொழில் தொடங்கியது 1920களில். செம்பட்டையன் மூட்டை தூக்கியதாகப் படம் காட்டுகிறதும் அதே வெள்ளைக்காரன் ஆட்சிக் காலத்தில்தான். உள்ளே போடுகிற துணியைத் தைத்து உலகத்துக்கே அனுப்புகிற ஊர், அந்தத் துணியை முதலில் கொண்டுவந்தவனை ஊர் என்ன பேசியிருக்கும் என்பதை மறந்துபோனதில் ஆச்சரியமில்லை.

இந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் பாட்டின் உவமைகள் வேறு மாதிரி தெரிகின்றன. பால், கருப்பட்டி, பூ, கரும்பு. எல்லாமே வாங்கி விற்கிற பண்டங்கள், கெட்டுப்போகக்கூடிய பண்டங்கள். ஒரு வியாபாரிக்கு உலகம் சரக்காகத்தான் தெரியும். மனைவி மேல் வைத்த பிரியத்தைச் சொல்லப் போனாலும் அவன் கையிலிருப்பது சரக்கின் பாஷைதான். எறும்பு மொய்க்குமா, திரியுமா, கரையான் அரிக்குமா என்பது வியாபாரியின் கவலை. கவிஞர் யோசித்து வைத்தாரா, கதையோட்டத்தில் தானாக வந்து விழுந்ததா என்ற ஆராய்ச்சி வேண்டாம். பாத்திரத்துக்கும் உவமைக்கும் இவ்வளவு பொருத்தம் சினிமாப் பாட்டில் அபூர்வம். பாட்டைப் படத்திலிருந்து கழற்றி ஆர்க்கெஸ்ட்ராவில் கேட்கும்போது காணாமல் போவது இதுதான். மேடையில் அது பொதுவான ஒரு கணவனின் சோகம். படத்தில் அது ஒரு வியாபாரி தன் கணக்கு தப்பாது என்று சாதிக்கிற கடைசி முயற்சி.

துரோகத்தைப் பாடுவதையே தொழிலாக வைத்துக்கொண்ட ஒரு பாட்டு வகை அமெரிக்காவில் உண்டு. ஹாங்கி டாங்க் என்று பெயர். அங்கே 1933-இல் மதுவிலக்கு நீங்கியதும் டெக்சாஸ் எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளிகள் கூடும் சாராயக் கடைகளில் அது வளர்ந்தது. காசு போட்டால் ரெக்கார்டு ஓடும் பெட்டி ஒன்று மூலையில் இருக்கும். குடித்தவர்கள் போடும் சத்தத்தில் சாதா கிட்டார் கேட்காது என்பதால் எர்னஸ்ட் டப் 1941-இல் மின் கிட்டாரை வைத்துப் பதிவுசெய்தார். பாட்டு எங்கே கேட்கப்படுகிறதோ அந்த இடம்தான் பாட்டின் ஒலியைத் தீர்மானித்தது. அந்த வகையின் உச்சமாகச் சொல்லப்படுவது ஹாங்க் வில்லியம்ஸின் ‘யுவர் சீட்டின் ஹார்ட்’. 1952 செப்டம்பரில் நாஷ்வில்லில் பதிவானது. 1953 புத்தாண்டு அன்று, இருபத்தொன்பது வயதில், காரில் போகும் வழியில் அவர் இறந்துபோனார். பாட்டு அதன் பிறகு வந்து உலகத்தைச் சுற்றியது. விவாகரத்தாகிப் போன முதல் மனைவி ஆட்ரியை நினைத்து, அடுத்து மணக்க இருந்த பில்லி ஜீனிடம் கார் ஓட்டிக்கொண்டே வரி வரியாகச் சொல்லி எழுத வைத்தார் என்று கதை சொல்வார்கள். உண்மையாகவே இருக்கட்டும். பாட்டு என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. அது தீர்ப்புச் சொல்கிறது: நீ ஏமாற்றினாய், உன் நெஞ்சே உன்னைச் சும்மா விடாது, நான் பட்டதை நீயும் படுவாய் என்கிறது. அழகான மெட்டில் வைத்த சாபம் அது. அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. விசாரணை முடிந்து, தண்டனை மட்டும் வாசிக்கப்படுகிறது.

தமிழில் அந்த 1953-இலேயே ‘தேவதாஸ்’ வந்தது. கையில் பாட்டிலோடு கண்டசாலா குரலில் நாகேஸ்வர ராவ் உலகத்தை மாயம் என்றார். வேடிக்கை என்னவென்றால் அப்போது சென்னை மாநிலம் முழுக்க மதுவிலக்கு. 1937-இல் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி தொடங்கியது, 1948-க்குள் மாநிலம் முழுவதும் பரவியிருந்தது. 1971-இல் கடை திறந்தது, 1974-இல் மூடியது, மறுபடி திறந்தது 1981-இல். ஆக ‘உச்சி வகுந்தெடுத்து’ வந்த 1979-இலும் சட்டப்படி தமிழ்நாட்டில் சாராயக் கடை கிடையாது. அமெரிக்கத் தொழிலாளி தன் சோகப் பாட்டைச் சாராயக் கடையில் கேட்டான். எங்கள் பக்கத்துத் தறிக்காரனும் பனியன் கம்பெனிக்காரனும் டீக்கடை ரேடியோவிலும், இலங்கை வானொலியிலும், நோம்பிக்கும் கல்யாணத்துக்கும் கட்டிய குழாய் செட்டிலும், டூரிங் டாக்கீஸிலும் கேட்டார்கள். அங்கே தனியாக உட்கார்ந்து குடித்துக்கொண்டே கேட்க முடியாது. பக்கத்தில் மாமன் இருப்பான், மச்சான் இருப்பான், பெண்டு பிள்ளைகள் இருப்பார்கள். ஊரே கூடி நின்று கேட்கிற இடத்தில், ஊர் சொன்னது பொய் என்று ஒருவன் பாடுகிறான். இந்த நிலைமை ஹாங்க் வில்லியம்ஸுக்கு இல்லை. அவர் பாட்டில் ஊர் என்ற ஒன்றே கிடையாது. இரண்டு பேர் மட்டும்தான்.

இந்த வித்தியாசத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். புலமைப்பித்தன் பாட்டில் எதிராளி யார்? இன்னொருவன் இல்லை, அவனைப் பற்றிப் பேச்சே இல்லை. மனைவியும் இல்லை. பேர் தெரியாமல், முகம் தெரியாமல் ‘சொல்கிறவர்கள்’தான் எதிராளி. சரணத்துக்குச் சரணம் சொன்னார்கள் சொன்னார்கள் என்று வந்து விழுகிறதே தவிர யார் சொன்னது என்று ஒரு இடத்திலும் இல்லை. வதந்தியின் இலக்கணமே அதுதான். வினை இருக்கும், எழுவாய் இருக்காது. அதை உபதேசமாகச் சொல்லாமல் பாட்டின் உடம்பிலேயே வைத்துத் தைத்துவிட்டார். அதற்கு அவன் தருகிற மறுப்பும் கூர்மையானது. பார்த்தவரைக் கூப்பிடு என்று அவன் கேட்பதில்லை. சொன்ன செய்தி தன்னளவில் நடக்கக்கூடியதா என்று கேட்கிறான். காவல் உள்ள இடத்தில் கேடு நடக்க முடியுமா, இந்தப் பண்டத்தின் குணத்துக்கு அது பொருந்துமா என்று பார்க்கிறான். வக்கீல் வைத்து வாதாடினாலும் இதைவிட ஒழுங்காக வாதாட முடியாது. ஆனால் ஒவ்வொரு வாதமும் ஒரு படி பலவீனமாகிக்கொண்டே போவதையும் கேட்கலாம். கறந்து வைத்த பால் திரியும் என்பது ஊரறிந்த விஷயம். கருப்பட்டி இருக்கும் இடத்துக்கு எறும்பு வரத்தான் செய்யும். நடக்கவே நடக்காது என்று அவன் எடுத்து வைக்கிற ஒவ்வொன்றும் தினமும் நடப்பது. அவன் வாய் மறுக்கிறது, அவன் எடுத்த உவமை ஒத்துக்கொள்கிறது. இந்த முரண்தான் பாட்டின் உயிர். நம்பவில்லை என்று சத்தியம் செய்யச் செய்ய, கேட்கிற நமக்கு அவன் நம்பத் தொடங்கிவிட்டான் என்று புரிகிறது.

இளையராஜா இதைப் புரிந்துகொண்டு ஒதுங்கி நின்றிருக்கிறார். வாத்தியங்கள் சொல்லுக்கு மேல் ஏறுவதில்லை. அடியெடுத்து வைப்பதுபோல் தாளம் போகிறது, அவசரம் இல்லை. எஸ்.பி. பாலசுப்ரமணியம் இதில் அழவில்லை. அவர் அழுது பாடிய பாட்டுகள் உண்டு. அவற்றில் சில எனக்குத் தாங்காது. இங்கே குரலைக் கீழே வைத்து, பேச்சுக்குப் பக்கத்தில் நிற்கிறார். நியாயம் கேட்கிற இடத்தில் மட்டும் குரல் சற்றே எழும்பி, உடனே இறங்கிவிடுகிறது. அவர் தங்கை சைலஜாவின் குரலும் பாட்டில் உண்டு. ஆனால் வழக்கு முழுவதையும் நடத்துவது அண்ணன்தான். தெலுங்கு வீட்டில் பிறந்து வளர்ந்தவர் இந்தப் பேச்சுத் தமிழை இவ்வளவு இயல்பாகச் சொன்னது பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சேர்க்க ஒன்றுமில்லை.

இனி எதிர்க்கட்சி. இவன் மனைவிக்காக வாதாடுகிறான், சரி. அவளைக் கூப்பிட்டுக் கேட்டானா? பாட்டில் இல்லை. முழுப் பாட்டிலும் என்ன நடந்தது என்று அவளிடம் ஒரு கேள்வி கிடையாது. அவள் பால், அவள் பூ, அவள் கரும்பு. பேசுகிற ஆள் இல்லை. கெடுவதும் கெடாமல் இருப்பதும் பண்டத்தின் கையில் இல்லை, காவல்காரன் கையில் இருக்கிறது. அவள் தப்பு செய்யவில்லை என்று அவன் சொல்வதன் உள்ளர்த்தம், தப்பு செய்வதற்கு அவளுக்கென்று ஒரு மனம் இருப்பதாகவே அவன் நினைக்கவில்லை என்பதுதான். எறும்பு மொய்த்தது என்பது குற்றச்சாட்டு. மொய்க்கவில்லை என்பது மறுப்பு. கருப்பட்டிக்கு என்ன வேண்டும் என்று இரண்டு தரப்பும் கேட்கவில்லை. ஊரும் அவனும் எதிரெதிராக நின்றாலும் ஒரே பார்வைதான் இருவருக்கும். இதை நம்பிக்கை என்று கொண்டாடுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இது பாத்திரத்தின் குறை, கவிஞரின் குறை இல்லை என்று பதில் சொல்லலாம். பாதி சரி. செம்பட்டையன் அப்படித்தான் நினைப்பான் என்று மேலே நானே சொன்னேன். ஆனால் படம் அந்தக் குறையைக் குறையாகக் காட்டுகிறதா? இல்லை. அவனுடைய வெகுளித்தனத்துக்கு நம்மை அழவைப்பதற்கே பாட்டு பயன்படுத்தப்படுகிறது. அப்பாவிப் புருஷன், ஆசைப்பட்ட பெண்டாட்டி என்ற தராசில் அவன் தட்டில் இந்தப் பாட்டையும் தூக்கி வைத்தால் மறு தட்டு எங்கே போய் நிற்கும்?

மறு தட்டில் வைக்க அதே படத்தில் ஒன்று இருக்கிறது: கங்கை அமரன் எழுதி வாணி ஜெயராம் பாடிய ‘என்னுள்ளில் எங்கோ’. நந்தினியின் பாட்டு. தனக்குள் எழுகிற ஏக்கம் என்னவென்று அவளுக்கே பிடிபடாமல் கேட்டுக்கொள்கிற பாட்டு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒன்று தெரியும். கணவனுக்குப் பேச்சுத் தமிழ், தாலாட்டு மெட்டு, பட்டியும் கரும்பும். மனைவிக்குப் பெரும்பாலும் எழுத்துத் தமிழ், வேறொரு இசை, உள்மனசு. ஒரே வீட்டில் இருந்த இரண்டு பேரும் இரண்டு தமிழில் பாடுகிறார்கள். அவன் பண்டங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவள் தன்னைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஏன் உடைந்தது என்பதற்குப் படத்தின் வசனங்களைவிட இந்த இரண்டு பாட்டுக்கும் நடுவிலுள்ள தூரம் நல்ல பதில் சொல்கிறது.

அமெரிக்காவில் 1952-இல் இப்படியொன்று நடந்தது. ஹாங்க் தாம்ப்சன் பாடிய ‘தி வைல்ட் சைட் ஆஃப் லைஃப்’ தன்னை விட்டுச் சாராயக் கடை வெளிச்சத்துக்குப் போன பெண்ணைக் குறை சொன்னது. சில மாதங்களிலேயே கிட்டி வெல்ஸ் அதே மெட்டில் பதில் பாடினார்: அப்படிப்பட்ட பெண்களைக் கடவுள் உண்டாக்கவில்லை, கல்யாணமாகியும் ஆகாதவர்போல் திரிகிற ஆண்கள்தான் உண்டாக்கினார்கள் என்று. சில ரேடியோக்கள் ஒலிபரப்ப மறுத்தன. ஆனாலும் பில்போர்டு கன்ட்ரி பட்டியலில் ஒரு பெண் தனியாகப் பாடி முதலிடம் பிடித்த முதல் பாட்டு அதுதான். அங்கே பதில் பதிலாகவே கேட்கப்பட்டது. இங்கே வாணி ஜெயராமின் பாட்டைப் பதில் என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. இனிமையான தனிப்பாட்டு என்று ஒரு பக்கம் வைத்துவிட்டோம். மெட்டும் மொழியும் வேறாக இருந்தது ஒரு காரணம். கேட்கிற காது ஆணின் காதாக இருந்தது இன்னொரு காரணம்.

நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் பழைய பாட்டுக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். சேவூர், அவிநாசி, பெருமாநல்லூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து காலையில் கம்பெனி வண்டி ஏறும் பெண்களைப் பாருங்கள். ஏற்றுமதி பெருகிய 1980களுக்குப் பிறகு பெண்கள் பெருமளவில் பனியன் கம்பெனிக்குள் வந்தார்கள். செக்கிங்கிலும், கைமடியிலும், ஓவர்லாக்கிலும் ஒன்றரை ஷிப்ட் பார்த்து இரவு வீடு திரும்புகிறவர்கள் அவர்கள். சனிக்கிழமை சம்பளக் கவர் அவர்கள் கைக்கு வந்த நாளிலிருந்து ஊர் வாயும் ஓய்ந்ததில்லை. எந்த லைனில் யாரோடு உட்கார்ந்தாள், எந்த வண்டியில் வந்து இறங்கினாள், போனில் யாரிடம் பேசினாள். சொன்னவர் யார் என்று கேட்டால் ஆள் இருக்காது. இந்தப் பேச்சை நம்பிப் பெண்டாட்டியை வேலைக்குப் போகாதே என்று நிறுத்தியவர்களும், அடித்தவர்களும், அதற்கு மேலும் போனவர்களும் இருக்கிறார்கள். அந்த இடத்தில் வைத்துப் பார்த்தால், ஊர் சொன்னதை நம்பமாட்டேன் என்று ஒரு கணவன் சபையில் நின்று பாடுவது சின்ன விஷயம் இல்லை. தமிழ் சினிமா ஆணுக்கு எழுதிக் கொடுத்த ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அந்த அளவுக்கு நாகரிகமானவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. அதே இடத்தில் நின்று பார்த்தால் பாட்டின் குறையும் பளிச்சென்று தெரிகிறது. கம்பெனிக்குப் போய் வருகிற பெண்ணுக்கு வேண்டியது, நீ கெட்டுப்போகாத பண்டம் என்ற சான்றிதழ் இல்லை. என்ன நடந்தது, உனக்கு என்ன வேண்டும் என்று நேராக உட்கார்ந்து கேட்கிற ஒருவன்.

ஹாங்க் வில்லியம்ஸ் பாட்டோடு ஒப்பிட்டால் எது மேல்? இசையாக இரண்டும் தத்தம் இடத்தில் நிறைவானவை. அதில் போட்டி வைப்பது வீண். பாடுகிறவனின் மனசை எவ்வளவு தூரம் திறக்கிறது என்று பார்த்தால் புலமைப்பித்தனுக்கு ஒரு படி கூடத் தருவேன். சாபம் கொடுப்பது சுலபம். அதற்குச் சந்தேகம் தீர்ந்திருந்தால் போதும். சந்தேகம் தீராத ஒருவன் தீராமலே இருக்கட்டும் என்று போராடுவதைப் பாட்டாக்குவதற்கு வேறு திறமை வேண்டும். சொல்வது ஒன்று, உவமை காட்டிக்கொடுப்பது ஒன்று என்று இரண்டு தளத்தில் கடைசிவரை ஓட்டியிருக்கிறார். அவர் 2021 செப்டம்பரில் இறந்தபோது வந்த அஞ்சலிகள் பெரும்பாலும் எம்.ஜி.ஆர். பாட்டுகளைச் சுற்றியே இருந்தன. அவருடைய நுட்பம் வெளிப்பட்ட இடம் இது என்பேன். ‘ஆயிரம் நிலவே வா’வைவிடவும்.

ஆனால் தமிழின் தலைசிறந்த காதல் பாட்டு என்ற பட்டத்தை என்னால் தர முடியாது. காதல் பாட்டில் இரண்டு பேர் இருக்க வேண்டும். இதில் ஒருவனும் ஒரு ஊரும்தான் இருக்கிறார்கள். நாட்டுப்புறப் பாட்டு என்ற பெயரும் பொருந்தாது. தேர்ந்த புலவர் ஒருவர் நாட்டுப்புற வடிவத்தை வைத்துச் செய்த எழுத்து இது. வதந்திக்கு எதிராகத் தமிழ் சினிமாவில் எழுதப்பட்ட பாட்டுகளில் முதலிடம் இதற்குத்தான். காதல் பாட்டு வரிசையில், அதே படத்தின் ‘என்னுள்ளில் எங்கோ’வுக்கு ஒரு படி கீழேதான் இதை வைப்பேன்.